வாசகர் கேள்வி – பதில்: காத்திருக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கடந்த சில மாதங்களாக இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. ஜெபித்தும் பதில் தாமதமாகிறது; ‘கர்த்தருடைய வேளை வரும்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள்; அந்த வேளை வரும்வரை எப்படி வாழ்வது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே இந்த இதழில் அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர் என் தலையில் கைவைத்து ஜெபித்து, ‘அடுத்த வருஷம் இதே நாளில் உன் மடியில் பிள்ளை இருக்கும் என்று கர்த்தர் சொல்கிறார்’ என்றார். நானும் என் கணவரும் முழுமையாக நம்பினோம். பார்த்துக்கொண்டிருந்த சிகிச்சையையும் நிறுத்திவிட்டோம். அந்த நாள் வந்து போயிற்று. ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். அசனப் பண்டிகைக்குப் போனால், பந்தியில் உட்காருவதற்குள் நான்கு பேர் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். கோவிலுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. நான் இன்னும் எப்படிக் காத்திருக்க வேண்டும்?
— ஒரு சகோதரி, நாசரேத் பகுதி

பதில்: சகோதரி, அந்த நாள் பொய்த்துப்போனதற்கு உங்கள் விசுவாசம் காரணமல்ல. கர்த்தருடைய பெயரைச் சொல்லி நாள் குறித்தவர் அந்த ஊழியர். உபாகமம் 18ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வேதாகமத்தைத் திறந்து நீங்களே வாசியுங்கள். வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒருவன் கர்த்தரின் நாமத்தினால் சொன்ன காரியம் நிறைவேறாமற்போனால், அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. அவன் அதைத் துணிகரத்தினால் சொன்னான். அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. கேட்டவர்களின் விசுவாசத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. கணக்குக் கொடுக்க வேண்டியவர் சொன்னவர்தான்.

இது நம் காலத்தில் புதிதாகத் தோன்றிய துன்பமும் அல்ல. பாபிலோன் ராஜா எருசலேமின் ஜனங்களில் ஒரு பகுதியைச் சிறைபிடித்துக் கொண்டுபோன பிறகு, அனனியா என்பவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பெயரால் அறிவித்தான். எரேமியா 28ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அதைக் கேட்ட எரேமியா முதலில் சொன்ன வார்த்தை ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்பதுதான். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஆசைப்படுவது வேறு, கர்த்தர் சொன்னார் என்பது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். அடுத்த அதிகாரத்தில் அவர் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் வருகிறது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், எழுபது வருஷம் ஆகும்.

டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து, தட்டிலிருந்து நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருகிற வசனம் ஒன்று உண்டு: ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.’ அந்த வசனம் இந்த எழுபது வருஷக் கடிதத்தில்தான் இருக்கிறது; எழுபது வருஷம் என்று சொன்னதற்கு அடுத்த வரியே அது. அட்டையில் அந்த முந்தைய வரி அச்சாவதில்லை. ஆகவே வருகிற டிசம்பருக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அதை வாசிக்கப் பழகிவிட்டோம். கடிதத்தைக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போகும் நாளைத் தங்கள் கண்களால் கண்டிருக்க முடியாது. ஆனாலும் அந்த வாக்கு அவர்களுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. தங்களைக் கர்த்தர் மறக்கவில்லை என்பதை அவர்கள் அதிலிருந்து அறிந்துகொண்டார்கள், தேதியை அறிந்துகொள்ளவில்லை.

உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் சீஷர்களும் ‘இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்?’ என்றுதான் கேட்டார்கள். காலங்களையும் வேளைகளையும் பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிறார், அதை அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்று சொல்லிவிட்டு, உடனே அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சொன்னார். தேவனுடைய வேளையைக் குறித்து எனக்குத் தெரிந்த உபதேசம் முழுவதும் அந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கும். வேளை அவர் கையில் இருக்கிறது. இன்று செய்யத்தக்கது நம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளும்போதுதான், வேளையை நாம் கணக்குப் போட்டு, இன்றைய கடமையை அவர் தலையில் வைத்துவிடும்போதுதான், காத்திருப்பது தாங்க முடியாத பாரமாகிவிடுகிறது.

குழந்தைக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றிப் பேசினால் எல்லாரும் ஆபிரகாமைச் சொல்வார்கள். அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இருபத்தைந்து ஆண்டுகள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இடையில் 86ஆம் வயதில், காத்திருக்க முடியாமல், ஆகாரின் மூலம் இஸ்மவேலைப் பெறுகிறார். அதற்குப் பிறகு அவருக்கு 99 வயதாகும் வரை, பதின்மூன்று ஆண்டுகளுக்கு, தேவன் அவரோடு பேசியதாக ஆதியாகமத்தில் ஒரு வரியும் இல்லை. விசுவாசத்தின் தகப்பன் என்று அழைக்கப்படுகிறவருக்கே அவ்வளவு நீண்ட மௌனம் இருந்ததென்றால், உங்கள் ஜெபத்துக்குப் பதில் கேட்காத மாதங்களை உங்கள் குற்றத்தின் அடையாளமாக எண்ண வேண்டியதில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபிரகாமுக்கு அருளப்பட்ட வாக்கு ஆபிரகாமுக்கு அருளப்பட்டது. பிள்ளை இல்லாத ஒவ்வொரு தம்பதிக்கும் பிள்ளை பிறக்கும் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை; அப்படிச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

உங்கள் நிலைக்கு ஆபிரகாமைவிட அன்னாளே நெருங்கியவள் என்று நினைக்கிறேன். அவளை மனமடிவாக்கியதும் ஒரு பண்டிகைப் பந்திதான். வருஷந்தோறும் சீலோவுக்குப் போகும்போதெல்லாம் கணவனின் மற்ற மனைவி அவளை நோகப் பேசுவாள்; அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பாள். கணவன் எல்க்கானா நல்லவன்; ஆனாலும், பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா என்று கேட்டு, அவளுடைய துக்கத்தின் மேல் தன்னுடைய கேள்வியையும் ஏற்றி வைக்கிறான். ஆசாரியன் ஏலியோ அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று எண்ணினான். அவளைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் அவள் பாடு புரியவில்லை. அவள் தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றினாள். பிறகு புறப்பட்டுப் போய்ச் சாப்பிட்டாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் வயிற்றில் பிள்ளை இல்லை. எதுவும் மாறியிருக்கவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். நீங்களும் அழகான ஜெபம் செய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை வருகிறது. அப்படிக் கேட்பதும் ஜெபம்தான்.

அடுத்து, சிகிச்சையை இந்த மாதமே மறுபடியும் தொடங்குங்கள். எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்தபோது, உன் நாட்களோடு பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தர் ஏசாயா தீர்க்கதரிசியின் மூலம் வாக்குக் கொடுத்தார். அதே அதிகாரத்தில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. வாக்கு இருந்தபோதே மருந்தும் இருந்தது. பெண்ணின் வயது ஏற ஏற, குறிப்பாக 35க்குப் பிறகு, கருத்தரிக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது மருத்துவர்கள் யாவரும் சொல்வது. ஆகவே விசுவாசம் என்ற பெயரில் ஆண்டுகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. உங்கள் கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் இன்னும் பெண்ணை மட்டும் மருத்துவமனைகளுக்கு அலையவைக்கிறார்கள். காரணம் ஆணிடம் இருப்பது அரிதல்ல. இருவரும் மனப்பூர்வமாக விரும்பினால் தத்தெடுப்பதைப் பற்றியும் பேசுங்கள். கிறிஸ்தவர்களும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் முறைப்படி தத்தெடுக்கலாம். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமாகிய ‘காரா’வின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கேயும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், முடிவெடுப்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இதை வாசிக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தியில் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். விசேஷம் இருந்தால் அவர்களே சொல்வார்கள். பக்கத்தில் இடம்போட்டு உட்காரவைத்து, இலையில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பி.எஸ்ஸி. முடித்து ஆறு ஆண்டுகளாக டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் எழுதி வருகிறேன். இரண்டு முறை மிகக் குறைந்த மதிப்பெண்ணில் தவறிவிட்டது. ‘கர்த்தர் உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறார், அவசரப்பட்டுக் கண்ட வேலைக்குப் போகாதே’ என்கிறார் அம்மா. சென்னையில் சித்தப்பாவின் பலசரக்குக் கடையில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். இதற்கிடையில் ஒருவர், பணம் கொடுத்தால் அரசாங்க வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ‘இதுதான் கர்த்தர் திறந்த வாசலோ’ என்று அப்பா நினைக்கிறார். நான் என்ன செய்ய?
— ஒரு வாலிபன், திசையன்விளை

பதில்: தம்பி, பணம் கேட்கிறவரின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சவுலிடமிருந்து தப்பி ஓடிய தாவீது என்கேதியில் ஒரு குகைக்குள் ஒளிந்திருக்கும்போது, சவுல் தனியாக அதே குகைக்குள் வருகிறான். உன் சத்துருவை உன் கையில் ஒப்புக்கொடுப்பேன் என்று கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று தாவீதின் ஆட்கள் அவனிடம் சொல்கிறார்கள். உங்கள் அப்பா சொன்னது போலவே பக்தியான வார்த்தை அது. ராஜாவாக அபிஷேகம் பண்ணப்பட்டவன் தாவீது; சவுலோ அவனைக் கொல்லத் தேடுகிறவன்; வாசல் திறந்தும் இருந்தது. இருந்தும் அவன் சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டான். அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. திறந்திருக்கிற வாசலெல்லாம் கர்த்தர் திறந்ததல்ல. லஞ்சம் கொடுத்துப் பெறுகிற வேலை, இரவெல்லாம் விளக்கு வைத்துப் படித்த இன்னொரு பிள்ளையின் இடம். அதை விடவும், இப்படிப் பணம் வாங்குகிறவர்களில் பலர் வேலையும் வாங்கித் தருவதில்லை, பணத்தையும் திருப்பித் தருவதில்லை. நிலத்தை அடகு வைத்துவிட்டு நிற்கிற குடும்பங்களை நம் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்பாவிடம் பணிவாக, ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடை வேலைக்குப் போகலாமா என்றால், போகலாம். சாமுவேல் தைலம் வார்த்த பிறகு தாவீது என்ன செய்துகொண்டிருந்தான் என்று பாருங்கள். சவுல் ஆள் அனுப்பும்போது, ஆட்டுமந்தையில் இருக்கிற உன் குமாரனாகிய தாவீதை அனுப்பு என்றுதான் ஈசாயிடம் சொல்கிறான். அபிஷேகம் பெற்றவன் திரும்ப ஆடு மேய்க்கத்தான் போயிருந்தான். முப்பது வயதில் எப்ரோனில் ராஜாவானான். அங்கேயும் ஏழரை ஆண்டுகள் யூதாவுக்கு மட்டுமே. பவுலும் கொரிந்து பட்டணத்தில் கூடாரம் பண்ணும் தொழில் செய்தவர். கையில் வேலை இல்லாமல் இருப்பதுதான் காத்திருப்பது என்று வேதத்தில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இன்னும் எத்தனை முறை எழுதுவது என்பதற்கு ஓர் எல்லையை இப்போதே, அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு, முடிவு செய்யுங்கள். அந்த எல்லை உங்களுக்காக வைத்துக்கொள்வது. கர்த்தருக்குக் கெடு வைப்பதாக அம்மா பயப்பட வேண்டாம். கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டே படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். ‘கண்ட வேலை’ என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவும் அந்தக் கடையில்தான் தன் பிள்ளைகளை ஆளாக்கியிருப்பார்.

கேள்வி: என் கணவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பெண் பிள்ளைகள். என் அப்பா உயில் எழுதாமல் காலமானார், அம்மா இருக்கிறார்கள். சொத்தில் என் பங்கைக் கேட்டால், ‘கர்த்தர் வேளை வரும்போது பார்ப்போம், கோர்ட்டுக்குப் போவது சாட்சியைக் கெடுக்கும்’ என்று அண்ணன்மார் சொல்கிறார்கள். சபைப் பெரியவர்களும் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். பொறுமையாக இருப்பதுதான் விசுவாசமா?
— ஒரு விதவைத் தாய், சுரண்டை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்து மிகவும் வேதனைப்பட்டேன். மனிதர் வேண்டுமென்றே செய்கிற தாமதத்துக்குக் கர்த்தருடைய வேளை என்று பெயர் சூட்டக் கூடாது. அது அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவதாகும்.

அப்போஸ்தலனாகிய பவுலைச் செசரியாவில் இரண்டு ஆண்டுகள் காவலில் வைத்திருந்தான் ரோம தேசாதிபதி பேலிக்ஸ். ஏன் அத்தனை நாள் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது: பவுலிடமிருந்து பணம் கிடைக்கும் என்று அவன் எதிர்பார்த்தான், பிறகு யூதர்களுக்குத் தயவு காட்ட விரும்பி அவரைக் காவலிலேயே விட்டுப் போனான். இதைத் தேவனுடைய வேளை என்று லூக்கா எழுதவில்லை. பேலிக்ஸின் பண ஆசை என்று எழுதினார். அடுத்த தேசாதிபதியின் முன் நின்றபோது பவுல், இராயனுக்கு அபயமிடுகிறேன் என்று சட்டப்படி மேல்முறையீடு செய்தார். அதனால் அவருடைய சாட்சி கெட்டுப்போகவில்லை. அந்த மேல்முறையீட்டின் வழியாகத்தான் அவர் ரோமாபுரிக்கே போனார். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு ஆண்டவர் சொன்ன உவமையிலும், அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய், எனக்கு நியாயஞ்செய்யும் என்று கேட்கிறவள் ஒரு விதவைதான். சகோதரர்கள் தங்களுக்குள் வழக்காடுவதைப் பவுல் கண்டித்திருக்கிறாரே என்று சபைப் பெரியவர்கள் கேட்கலாம். 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் அவர் கண்டிப்பது உண்மைதான். ஆனால் சபையிலே நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனும் உங்களுக்குள் இல்லையா என்றும், நீங்களே அநியாயஞ்செய்து சகோதரருக்கு நஷ்டப்படுத்துகிறீர்களே என்றும் அதே இடத்தில் கேட்கிறார். அந்தக் கேள்விகள் உங்களுக்கு அல்ல, அவர்களுக்கு.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதி ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். முதலில் சேகரகுருவையும் இரண்டு பெரியவர்களையும் வைத்து, தேதி குறித்து, அண்ணன்மாரோடு ஒருமுறை பேசுங்கள். பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது நடக்காவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது சட்டம். பட்டா, வில்லங்கச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கு எப்படிப் போனாலும் அவர்களைப் பார்க்கப் போவதை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: தொடர்ந்து நாற்பது நாள் உபவாசம் இருந்தால் தேவனுடைய வேளையைத் துரிதப்படுத்தலாம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?
— ஒரு விவசாயி, அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, இந்தக் கேள்விக்கு யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் உங்கள் தொழிலை எடுத்தே பதில் சொல்லியிருக்கிறார். முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் பயிரிடுகிறவன் நீடிய பொறுமையோடு காத்திருப்பதைப் பாருங்கள் என்கிறார். கார் சாகுபடிக்குத் தண்ணீர் வழக்கமாக ஜூன் மாதத்தில் பாபநாசம் அணையிலிருந்து வர வேண்டும். மேலே மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் அது வரும். அடுத்த பருவமான பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்திருக்க வேண்டும். மழையை நீங்கள் இழுத்து வர முடியாது. அதற்காக நீங்கள் திண்ணையில் படுத்திருப்பதும் இல்லை. வரப்பை வெட்டிக் கட்டுகிறீர்கள், வாய்க்காலில் அடைந்த செடியையும் சகதியையும் வாருகிறீர்கள், எரு அடிக்கிறீர்கள், விதைநெல்லைக் காயவைத்து முளைப்பு பார்க்கிறீர்கள். தண்ணீர் திறந்த அன்றைக்கு நாற்றங்காலுக்கு இடம் தயாராக இல்லாதவனுக்கு அந்தத் தண்ணீரால் என்ன பயன்? காத்திருப்பவனுக்கு இத்தனை வேலை இருக்கிறது என்பதை யாக்கோபு சொன்னதைக் கேட்டவர்கள் அறிந்திருப்பார்கள்.

உபவாசம் நல்லது, ஆண்டவரும் உபவாசம் இருந்தார். அது நம்மைத் தாழ்த்துவதற்காக. தேவனை அவசரப்படுத்தும் கருவியாக அதை எவரும் வேதத்தில் கற்பிக்கவில்லை. தாவீது தன் பிள்ளைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்தான். ஏழாம் நாளில் பிள்ளை இறந்துபோயிற்று. அவன் எழுந்து, ஸ்நானம்பண்ணி, முதலில் கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துகொண்டு, அதன்பின் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். உங்களுக்குச் சர்க்கரை நோயோ வேறு வியாதியோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் நீண்ட உபவாசத்தில் இறங்காதீர்கள்.

கேள்வி: பக்கவாதத்தில் படுத்த என் அம்மாவை ஏழு ஆண்டுகளாக நானும் என் மனைவியும் பார்த்துவருகிறோம். சுகம் கிடைக்கும் என்று ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறோம். இப்போது அம்மாவின் பெலன் குறைந்துகொண்டே வருகிறது. பதிலைக் காணாமலே அம்மா போய்விட்டால், இத்தனை ஆண்டுகள் நம்பிக் காத்திருந்தது வீண்தானா?
— ஒரு மகன், மெஞ்ஞானபுரம் பகுதி

பதில்: சகோதரரே, வீண் அல்ல. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாசிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வரும்போது, நடுவிலே நின்று, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்கிறது. வாக்கு நிறைவேறுவதைக் காணாமலே மரித்தவர்களை விசுவாசத்தில் குறைந்தவர்களாக வேதம் எண்ணவில்லை. அவர்களைத்தான் முன்னோடிகளாக நமக்குக் காட்டுகிறது.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த பேராயர் அசரியாவை எண்ணிப் பாருங்கள். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். பிரிந்துகிடக்கும் தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசியவர்களில் அவர் முதன்மையானவர். அன்றிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் அதற்காக எழுதினார், பேசினார், ஜெபித்தார். 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27இல். மூன்று ஆண்டுகூட இல்லை. நீங்களும் நானும் ஞாயிறுதோறும் அமர்ந்திருக்கும் சபை, அவர் கண்ணால் காணாத பதிலாகும்.

டோனாவூரில் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் கீழே விழுந்து அடிபட்டார். அவர் எழுந்து நடமாட வேண்டும் என்று அந்த வளாகத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஜெபித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. 1951 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அவர் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்தே பல புத்தகங்களை எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார். சுகம் வரவில்லை என்பதால் அவரைக் கர்த்தர் கைவிட்டார் என்று டோனாவூரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

லாசரு இறந்தபோது, ‘ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்று அவனுடைய சகோதரி மார்த்தாளும் சொன்னாள், மரியாளும் அதையே சொன்னாள். இயேசு வேண்டுமென்றே இரண்டு நாள் தாமதித்துத்தான் வந்திருந்தார். இருவரில் ஒருவரையும் அந்த வார்த்தைக்காக அவர் கடிந்துகொள்ளவில்லை, கண்ணீர் விட்டார். நீங்களும் மனதில் இருப்பதை அப்படியே அவரிடம் சொல்லலாம். அம்மாவின் சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்தவும் வேண்டாம். அதோடு, அம்மா அமைதியாக இருக்க வேண்டும், வலி இல்லாமல் இருக்க வேண்டும், உங்கள் மனைவிக்குப் பெலன் வேண்டும் என்றும் கேளுங்கள். ஏழு ஆண்டுகளாக மாமியாரைத் தூக்கி இறக்கும் அந்தப் பெண்ணை உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்லில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அம்மாவைப் புரட்டிப் படுக்கவையுங்கள். முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும், படுத்த நோயாளிகளுக்கான ஆதரவுச் சிகிச்சையும் செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். சேகரகுருவிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்கச் சபையில் ஒருவரைக் கேளுங்கள். அப்போது நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்தே ஆராதனைக்குப் போகலாம்.